கணக்காய்வு வினா இல. 14க்கு விளக்கம்

ஐயா,
கொடிக் களஞ்சியத்தில் ஒன்று குறைகிறதென்று
எழுதியிருக்கிறீர்கள். குறைவது உண்மை.
நீலம், வெள்ளை, சிவப்பு, நடுவே நட்சத்திரம்.
பன்னிரண்டடிக்கு ஆறடி.
யூகோஸ்லாவியா.

எழுபத்தாறில் நான் வேலைக்குச் சேர்ந்த மாதம்
எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொழும்புக்கு வந்தன,
யாரோடும் சேராதவர்கள் எல்லோரும்
ஒன்றாய்ச் சேர்ந்து.
ஏணியைத் தோளில் வைத்து
பௌத்தாலோக மாவத்தை நெடுக நடந்தேன்.
எந்தக் கொடிக்கு எது மேல்பக்கம்:
எனக்குத் தெரிந்த வெளிநாட்டுக் கொள்கை அவ்வளவுதான்.

நம்முடையதைப் பற்றியும் கேட்டிருந்தால் சொல்வேன்.
காற்று முதலில் கிழிப்பது அதன் வால் பக்கத்தை.
பச்சையும் செம்மஞ்சளும் கம்பத்தோரம்;
அதனால் அவை கிழிவதில்லை,
கயிறு இறுகுவது அங்கேதான்.
வாளேந்திய சிங்கம் அந்தப் பக்கம் பார்க்கிறதே
என்று ஒருநாள் குலரத்னவிடம் கேட்டேன்.
எல்லா நாட்டு மிருகமும்
கம்பத்தைத்தான் பார்க்கும் மல்லி, என்றார்.
புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எண்பத்துமூன்று ஜூலை, திங்கட்கிழமை
வெள்ளவத்தைக்கு நான் திரும்பவில்லை.
குலரத்ன வெளியே பூட்டுப் போட்டு
சாவியைத் தன் சாரத்தில் முடிந்துகொண்டார்.
இரண்டு இரவு.
காற்றுத் துவாரத்தால் ரோஸ் பாணும்
போத்தலில் பிளேன் டீயும் வந்தன.
கோட்டைப் பக்கம் புகை. பூச்சிமருந்து வாசனை.
குளிருக்கு எதையாவது போர்த்த வேண்டியிருந்தது.
நம் நாட்டுக் கொடியும் இருந்தது, மேல் தட்டில்.
கை போகவில்லை.
இழுத்ததில் வந்தது இது. தடித்த துணி.
ஒரு நாட்டுக்குள் எப்படித் தூங்குவதென்று
இருபத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த நாடு உடைந்தது.
தட்டிலிருந்து அகற்றி, எரித்து,
இருவர் ஒப்பமிட்டு அறிக்கை தரவும் என்று
சுற்றறிக்கை வந்தது.
"எரிக்கப்பட்டது" என்று எழுதினேன். எரிக்கவில்லை.
இரண்டாவது ஒப்பம் ஏன் இல்லை என்கிறீர்கள்.
அந்த வாரம் குலரத்னவின் மகன்
வடக்கிலிருந்து ஆணியடித்த பெட்டியில் வந்தான்.
கடுவெலையில் அவர்களுடைய ஒழுங்கை முழுதும்
வெள்ளைக் கொடி கட்ட வேண்டும்,
துணி கிடைக்குமா என்று கேட்டார்.
களஞ்சியத்தில் வெள்ளை இல்லை.
என் கலியாண வேட்டியைக் கிழித்தேன்.
நாற்பது துண்டு வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்திலும்
வெள்ளைக் கொடியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு.
பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
அந்த இனம் நம்மிடம் இருந்ததே இல்லை.

பிந்திய காலத்தில் பெரிய நாடொன்றின் தலைவர் வந்தபோது
அவர்கள் கொடியை அவர்களே கொண்டுவந்தார்கள்.
நம்முடையதையும் தைத்துக் கொண்டுவந்தார்கள்,
நானூறு, பளபளக்கும் நைலோனில்.
ஏணி மட்டும் நம்முடையது.
அந்த நானூறுக்கு விலைச்சிட்டை கேட்டு
யாரும் வினா அனுப்பியதாய் ஞாபகமில்லை.

நேற்று காலிமுகத்திடலுக்குப் போனேன்.
மழை. கூடாரம் கிடைக்காத பொடியன்கள்
தேசியக் கொடியைப் போர்த்துத் தூங்கினார்கள்.
ஒருவனின் காலடியில் சிங்கம் சேற்றில் கிடந்தது.
நாற்பது வருடப் பழக்கம், குனிந்து
எடுத்துவிட்டேன். கண் திறந்து பார்த்தான்.
என்ன மொழியில் மன்னிப்புக் கேட்பதென்று
யோசிப்பதற்குள் மறுபடி தூங்கிப் போனான்.

கொடி என்னிடம் இருக்கிறது. அலுமாரியில்.
பெறுமதியை ஓய்வூதியத்தில் வெட்டலாம்,
ஆட்சேபனை இல்லை.
எந்த நாணயத்தில் என்று மட்டும் அறியத் தரவும்.
அவர்களுடைய தினார் இப்போது இல்லை.
நம்முடைய ரூபாய் இந்த வாரம் என்னவென்று
வங்கிக்காரனுக்கே தெரியவில்லை.
உரியவரிடம் திருப்பி ஒப்படைப்பதானால்
உரியவர் யார் என்பதை எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
தே. அருளம்பலம்
கொடிக் களஞ்சியப் பொறுப்பாளர் (ஓய்வு)

பி.கு.: நேரில் வரச் சொல்லியிருந்தீர்கள்.
கோட்டைக்கு இன்று பஸ் இல்லை.
டீசல் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறதாம்,
காசு கட்டும்வரை.
எந்த நாட்டுக் கொடியோடு நிற்கிறதென்று
இங்கிருந்து தெரியவில்லை.